டிஎல்எஸ் சான்றிதழ் தகராறு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

டிஎல்எஸ் என்பது இணைய இணைப்பை மறைகுறியாக்கும் முறை, சான்றிதழ் என்பது எதிரே இருப்பது உண்மையான சர்வர்தான் என்று காட்டும் கோப்பு. சர்வருக்குச் சான்றிதழ் போடும் வேலையில் கையாள வேண்டியவை மூன்றே மூன்று: சர்வரின் சான்றிதழ், அதற்கு ஜோடியான பிரைவேட் கீ (ரகசியச் சாவி), அந்தச் சான்றிதழில் கையெழுத்திட்ட இடைநிலைச் சான்றிதழ். இந்த மூன்றில் எது பிசகினாலும் இணைப்பு அறுந்துவிடலாம். ஆனால் திரையில் வரும் பிழைச் செய்தி எது பிசகியது என்பதை நேரடியாகச் சொல்வது அபூர்வம். அதனால் கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். உதாரணங்கள் லினக்ஸில் ஓடும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரையும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸையும் வைத்து எழுதியவை. இன்னொரு வெப் சர்வரான அப்பாச்சிக்கும் மெயில் சர்வருக்கும் கட்டமைப்புக் கோப்பின் சொற்கள்தான் மாறும், காரணங்கள் மாறாது.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

வட்டில் இருக்கும் கோப்பைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால், சர்வர் வெளியே எதை நீட்டுகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பித்தான் பலர் மணிக்கணக்கில் தவறான இடத்தில் தேடுகிறார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியில் எஸ்_கிளையன்ட் என்ற துணைக்கட்டளை இதற்குத்தான் இருக்கிறது. கனெக்ட் தெரிவில் சர்வரின் பெயரையும் போர்ட் எண்ணையும் கொடுங்கள், சர்வர்நேம் தெரிவில் அதே பெயரைக் கொடுங்கள், கூடவே ஷோசெர்ட்ஸ் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சர்வர்நேமை விட்டுவிடக் கூடாது. ஒரே ஐபி முகவரியில் பல தளங்கள் இருந்தால், எந்தத் தளத்தின் சான்றிதழைத் தருவது என்று சர்வர் முடிவு செய்வது இந்தப் பெயரை வைத்துத்தான். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 முதல், கனெக்டில் தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதுவே சர்வர்நேமாகவும் போய்விடும். ஐபி முகவரியைக் கொடுத்தால் போகாது.

வரும் வெளியீட்டின் மேல்பகுதியில் "சர்ட்டிஃபிகேட் செயின்" (சான்றிதழ்ச் சங்கிலி) என்ற தலைப்பின் கீழ் சான்றிதழ்கள் 0, 1, 2 என்று வரிசையாக இருக்கும். கீழே "வெரிஃபை ரிட்டர்ன் கோட்" என்று ஓர் எண் இருக்கும். 0 என்றால் சங்கிலி சரி. 10 என்றால் காலாவதி. 18 என்றால் தானே கையெழுத்திட்ட சான்றிதழ். 20, 21 என்றால் நடுவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: எஸ்_கிளையன்ட் தானாகப் பெயரைச் சரிபார்ப்பதில்லை. வெரிஃபை_ஹோஸ்ட்நேம் தெரிவில் பெயரைக் கொடுத்தால்தான் அதையும் பார்க்கும். அதைக் கொடுக்காமல் 0 வந்தால், பெயர் சரியா என்பது இன்னும் தெரியவில்லை என்றுதான் பொருள்.

என்ஜின்எக்ஸ் எழவில்லை, லாகில் "கீ வேல்யூஸ் மிஸ்மேட்ச்" என்று இருக்கிறது

சான்றிதழுக்குள் ஒரு பப்ளிக் கீ இருக்கிறது. பிரைவேட் கீயிலிருந்தும் ஒரு பப்ளிக் கீயை வருவிக்கலாம். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் இந்தச் செய்தி வரும்.

பெரும்பாலும் நடப்பது இது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க சிஎஸ்ஆர் என்ற விண்ணப்பக் கோப்பை உருவாக்குகிறோம். ஊர்ப் பெயரோ நிறுவனப் பெயரோ தவறிவிட்டது என்று அதே கட்டளையை மறுபடி ஓட்டுகிறோம். அந்தக் கட்டளை ஒவ்வொரு முறையும் புது பிரைவேட் கீயை உருவாக்கிப் பழையதன் மேல் எழுதிவிடுகிறது. இதற்கிடையில் முதலில் அனுப்பிய சிஎஸ்ஆருக்குச் சான்றிதழ் வந்து சேர்கிறது. அதற்கு ஜோடியான சாவி இப்போது வட்டில் இல்லை.

சரிபார்க்க, எக்ஸ்509 துணைக்கட்டளையில் நோஅவுட், பப்கீ தெரிவுகளைக் கொடுத்துச் சான்றிதழின் பப்ளிக் கீயை எடுங்கள். பிகீ துணைக்கட்டளையில் பப்அவுட் கொடுத்து பிரைவேட் கீயிலிருந்து எடுங்கள். இரண்டையும் எஸ்எச்ஏ256சம் வழியாக அனுப்பினால் இரண்டு நீளமான எண்கள் கிடைக்கும். அவை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இணையத்தில் பல வழிகாட்டிகள் இதற்கு "மாடுலஸ்" ஒப்பீட்டைச் சொல்கின்றன. அது ஆர்எஸ்ஏ வகைச் சாவிகளுக்கு மட்டும்தான் பொருந்தும். சான்றிதழைத் தானாக வாங்கிப் புதுப்பிக்கும் கருவியான செர்ட்பாடில் 2.0 முதல் இயல்பாக உருவாவது இசிடிஎஸ்ஏ வகைச் சாவி, அதில் மாடுலஸ் என்ற ஒன்றே கிடையாது. அதனால் பப்ளிக் கீ ஒப்பீட்டையே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

பொருந்தவில்லையா? சர்வரில் மிச்சமிருக்கும் எல்லாக் கீ கோப்புகளையும் இதே முறையில் ஒப்பிட்டுப் பாருங்கள், பழைய காப்புப் பிரதிகளையும் சேர்த்து. எங்கேயும் இல்லையென்றால் தேடுவதை நிறுத்திவிடலாம். சான்றிதழிலிருந்து பிரைவேட் கீயைத் திரும்பப் பெற வழியில்லை. சிஎஸ்ஆர் மட்டும் அனுப்பி வாங்கிய சான்றிதழ் என்றால், கொடுத்த நிறுவனத்திடமும் சாவி இருக்காது. புது சாவி, புது சிஎஸ்ஆர், மறுவெளியீடு என்பதுதான் வழி.

சாவி பொருந்துகிறது, ஆனாலும் இதே பிழைதான் வருகிறது என்றால் கோப்புக்குள் வரிசையைப் பாருங்கள். சர்வரின் சான்றிதழையும் இடைநிலைச் சான்றிதழையும் ஒரே கோப்பில் சேர்த்து வைத்திருப்பீர்கள். என்ஜின்எக்ஸ் அதில் முதலில் இருப்பதைத்தான் சர்வரின் சான்றிதழ் என்று எடுத்துக்கொள்ளும். இடைநிலை மேலே வந்துவிட்டால், உங்கள் சாவியை அதனுடன் ஒப்பிட்டுப் பொருந்தவில்லை என்று சொல்லிவிடும். வரிசையை மாற்றினால் போதும்.

இன்னொன்று. இந்த மாதிரி வேலை செய்யும்போது என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் சிறிய டி தெரிவுடன் கட்டமைப்பைச் சோதித்துவிட்டு, அப்புறம் ரீலோட் கொடுங்கள். ரீலோடில் பிழை இருந்தால் பழைய கட்டமைப்பிலேயே சர்வர் தொடர்ந்து ஓடும். ரீஸ்டார்ட்டில் பிழை இருந்தால் தளம் விழுந்துவிடும்.

"நோ ஸ்டார்ட் லைன்" அல்லது "பேட் எண்ட் லைன்"

சர்வரால் கோப்பைத் திறக்க முடிகிறது, உள்ளே இருப்பதுதான் அதற்குப் புரியவில்லை. பிஇஎம் என்ற உரை வடிவக் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். ஐந்து கோடுகள், "பிகின் சர்ட்டிஃபிகேட்", மறுபடி ஐந்து கோடுகள் என்று ஒரு வரி. பிறகு பேஸ்64 எழுத்துக்கள். கடைசியில் அதேபோல "எண்ட் சர்ட்டிஃபிகேட்" வரி.

இரண்டு கோப்புகளைக் கேட் கட்டளையால் ஒட்டும்போது, முதல் கோப்பின் கடைசி வரிக்குப் பின் வரிமுறிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? முதல் சான்றிதழின் "எண்ட்" வரியும் இரண்டாவதன் "பிகின்" வரியும் ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஐந்துக்குப் பதில் பத்துக் கோடுகள் இருக்கும். கண்ணுக்கு உடனே தெரியாது, ஆனால் "பேட் எண்ட் லைன்" பிழைக்கு இதுதான் முதல் சந்தேகம். அந்தப் பத்துக் கோடுகளின் நடுவில் கர்சரை வைத்து ஒரு என்டர் தட்டினால் வேலை முடிந்தது.

"நோ ஸ்டார்ட் லைன்" என்றால் நான்கு வாய்ப்புகள். ஒன்று, சாவிக்கான இடத்தில் சான்றிதழின் பாதையைக் கொடுத்திருப்பீர்கள். இதில் "எக்ஸ்பெக்டிங் எனி பிரைவேட் கீ" என்ற துண்டும் கூடவே வரும், அதைக் கவனித்தால் உடனே பிடித்துவிடலாம். இரண்டு, கோப்பு டிஇஆர் என்ற பைனரி வடிவத்தில் இருக்கலாம். கோப்புப் பெயரின் பின்னொட்டு சிஆர்டி என்றோ சிஇஆர் என்றோ இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு எடிட்டரில் திறந்தால் தெரிந்துவிடும். குப்பையாகத் தெரிந்தால் எக்ஸ்509 கட்டளையில் இன்ஃபார்ம் தெரிவுக்கு டிஇஆர் என்று கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். மூன்று, விண்டோஸில் சேமித்தபோது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் எழுத்துக்கள் ஒட்டியிருக்கலாம். கேட் கட்டளையைப் பெரிய ஏ தெரிவுடன் ஓட்டினால் மறைந்திருப்பதெல்லாம் வெளியே வரும். நான்கு, கோப்பு வெறுமையாக இருக்கலாம். வட்டு நிரம்பிய சர்வரில் இது நடப்பதுண்டு.

துவங்கும்போது பாஸ்ஃப்ரேஸ் கேட்கிறது

சாவிக் கோப்பின் முதல் வரியில் "என்கிரிப்டட் பிரைவேட் கீ" என்று இருக்கும். டெர்மினலில் நீங்கள் இருக்கும்போது தட்டச்சு செய்துவிடலாம். நள்ளிரவில் சர்வர் தானாக ரீபூட் ஆனால் யார் தட்டுவது? பாஸ்ஃப்ரேஸை நீக்கிவிட்டுக் கோப்பு அனுமதியை இறுக்கமாக வைக்கலாம், அல்லது என்ஜின்எக்ஸின் எஸ்எஸ்எல்_பாஸ்வேர்ட்_ஃபைல் வசதியைப் பயன்படுத்தலாம். இரண்டாவது வழியில் பாஸ்வேர்டும் அதே வட்டில்தான் கிடக்கும், அதனால் பாதுகாப்பு பெரிதாகக் கூடிவிடாது. நான் முதல் வழியையே எடுப்பேன்.

"பெர்மிஷன் டினைடு", அல்லது போஸ்ட்கிரஸ் "குரூப் ஆர் வேர்ல்ட் ஆக்சஸ்" என்கிறது

போஸ்ட்கிரஸ் இந்த விஷயத்தில் கறாரானது, அது நல்லதுதான். சாவிக் கோப்பின் உரிமையாளர் டேட்டாபேஸ் பயனர் என்றால் அனுமதி 0600 அல்லது அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உரிமையாளர் ரூட் (லினக்ஸின் தலைமைப் பயனர்) என்றால் 0640 வரை போகலாம், குழுவில் போஸ்ட்கிரஸ் பயனர் இருக்க வேண்டும். டெபியன், உபுண்டுவில் எஸ்எஸ்எல்-செர்ட் என்ற குழு இருப்பது இந்த இரண்டாவது முறைக்காகத்தான். இந்தப் பிழையைப் பார்த்ததும் 777 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது பிரச்சினையைத் தீர்க்கவும் தீர்க்காது, சர்வரில் நுழைந்த எவரும் உங்கள் சாவியைப் படிக்கவும் வழி திறந்துவிடும்.

செர்ட்பாட் எழுதும் கோப்புகளை போஸ்ட்கிரஸுக்கு நேரடியாகக் காட்டினால் வேறு தடை வரும். லைவ், ஆர்கைவ் என்ற இரண்டு அடைவுகளும் 0700 அனுமதியோடு ரூட்டுக்கு மட்டும் திறந்திருப்பவை. என்ஜின்எக்ஸின் தலைமைப் புராசஸ் ரூட்டாக எழுந்து சாவியைப் படித்துவிடுவதால் அதற்குச் சிக்கல் இல்லை. போஸ்ட்கிரஸ் ரூட்டாக எழுவதே இல்லை. அடைவைத் திறந்துவிடுவதைவிட, புதுப்பித்தல் முடிந்ததும் ஓடும் டெப்ளாய் ஹூக்கில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்து, சான்றிதழையும் சாவியையும் போஸ்ட்கிரஸின் அடைவுக்கு நகலெடுத்து, உரிமையாளரை மாற்றி, ரீலோட் கொடுப்பதுதான் சுத்தமான வழி.

அனுமதியெல்லாம் சரி, உரிமையாளரும் சரி, ஆனாலும் "பெர்மிஷன் டினைடு" என்றால்? ரெட்ஹேட் வகை சர்வராக இருந்தால், கோப்புகளுக்கு லேபிள் ஒட்டி அணுகலைக் கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸைப் பாருங்கள். சான்றிதழை ஹோம் அடைவில் இறக்கிவிட்டு அங்கிருந்து எம்வி கட்டளையால் நகர்த்தினால், ஹோம் அடைவின் லேபிளும் கூடவே நகர்ந்து வரும். எல்எஸ் கட்டளையில் பெரிய இசட் தெரிவு கொடுத்தால் "யூசர்_ஹோம்_டி" என்று தெரியும். ரீஸ்டோர்கான் கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஓட்டினால் லேபிள் சரியாகிவிடும். இதற்காக எஸ்இலினக்ஸையே அணைத்துவைப்பது தேவையில்லாத வேலை.

பிரௌசரில் திறக்கிறது, கர்லிலும் மொபைல் ஆப்பிலும் திறக்கவில்லை

அடிக்கடி வருவது இதுதான், அதிகம் குழப்புவதும் இதுதான். கர்ல் கட்டளையில் 60 என்ற எண்ணோடு "அனேபிள் டு கெட் லோக்கல் இஷ்யூவர் சர்ட்டிஃபிகேட்" என்று வரும். ஜாவாவில் "பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்". பைத்தானில் "சர்ட்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்ட்". பிரௌசரில் மட்டும் பூட்டுப் படம் ஒழுங்காக இருக்கும். வாடிக்கையாளர் புகார் சொல்வார், நீங்கள் உங்கள் மடிக்கணினியில் திறந்து பார்த்துவிட்டு "எனக்கு வேலை செய்கிறதே" என்பீர்கள்.

காரணம் இது. உங்கள் சான்றிதழில் ரூட் எனப்படும் மூலச் சான்றிதழ் (மேலே சொன்ன ரூட் பயனர் அல்ல) நேரடியாகக் கையெழுத்திடுவதில்லை. ரூட் ஓர் இடைநிலைச் சான்றிதழுக்குக் கையெழுத்திடுகிறது, இடைநிலை உங்களுடையதில் கையெழுத்திடுகிறது. கிளையன்ட்டிடம் இயல்பாக இருப்பது ரூட்டுகளின் பட்டியல் மட்டும். இடைநிலையை சர்வர்தான் கொடுத்தாக வேண்டும். சர்வர் கொடுக்காமல் விட்டாலும் பிரௌசர்கள் சமாளித்துவிடுகின்றன: குரோம் சான்றிதழுக்குள் எழுதியிருக்கும் முகவரியிலிருந்து இடைநிலையைத் தானே இறக்கிக்கொள்ளும், ஃபயர்ஃபாக்ஸ் தெரிந்த இடைநிலைகளை முன்கூட்டியே வைத்திருக்கும். கர்ல், பைத்தான், ஜாவா போன்றவை இயல்பாக அப்படிச் செய்வதில்லை. ஆக, இங்கே பிரௌசரை வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

எஸ்_கிளையன்ட் வெளியீட்டில் சங்கிலிப் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு சான்றிதழுக்கும் எஸ் என்று ஒரு வரி, ஐ என்று ஒரு வரி. எஸ் என்பது அது யாருடையது, ஐ என்பது யார் கையெழுத்திட்டது. 0-இன் ஐ வரியில் இருக்கும் பெயர், 1-இன் எஸ் வரியில் அப்படியே இருக்க வேண்டும். 0 மட்டும் இருந்து 1 இல்லையென்றால் நோய் தெரிந்துவிட்டது. வெரிஃபை எண் 21 என்று வருவதும் இதைத்தான் சொல்கிறது.

இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மருந்து ஒரு சொல்லில் இருக்கிறது. லைவ் அடைவில் செர்ட், செயின், ஃபுல்செயின், பிரிவ்கீ என்று நான்கு பிஇஎம் கோப்புகள் இருக்கும். என்ஜின்எக்ஸின் எஸ்எஸ்எல்_சர்ட்டிஃபிகேட் வரியில் செர்ட்டைக் கொடுத்திருந்தால் ஃபுல்செயின் என்று மாற்றுங்கள். விலைக்கு வாங்கிய சான்றிதழ் என்றால், நிறுவனம் அனுப்பிய பொதியில் இருக்கும் இடைநிலைக் கோப்பை சர்வர் சான்றிதழுக்குக் கீழே ஒட்டுங்கள். அப்பாச்சியில் 2.4.8 பதிப்பிலிருந்து சங்கிலிக்குத் தனி வரி தேவையில்லை, எஸ்எஸ்எல்சர்ட்டிஃபிகேட்ஃபைலில் சேர்ந்த கோப்பையே கொடுக்கலாம். ரூட் சான்றிதழைச் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் கெடுதல் இல்லை, ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் வீணாகச் சுமந்து போகும்.

சங்கிலி முழுமையாக இருந்தும் குறிப்பிட்ட பழைய கருவிகளில் மட்டும் பிழை வருகிறது என்றால் கிளையன்ட் பக்கம் பாருங்கள். 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற பழைய ரூட் காலாவதியானபோது நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லெட்ஸ் என்கிரிப்டின் புது ரூட்டான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 நம்பிக்கைப் பட்டியலில் இருந்தும்கூட, ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 காலாவதியான ரூட்டை நோக்கிப் போகும் பாதையையே பிடித்துக்கொண்டு தோற்றது. அந்த சர்வர்களில் எந்தத் தவறும் இல்லை. கிளையன்ட்டின் பட்டியலிலிருந்து பழைய ரூட்டை நீக்கியதும் சரியானது.

நிறுவனத்துக்குள் சொந்தமாக சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) நடத்துகிறவர்களுக்கும் இதே பிழைச் செய்திதான் வரும், தீர்வு வேறு. அந்த சிஏவின் ரூட்டை ஒவ்வொரு கிளையன்ட்டிலும் சேர்க்க வேண்டும். டெபியன், உபுண்டுவில் லோக்கல் ஷேருக்குள் இருக்கும் சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் அடைவில் சிஆர்டி பின்னொட்டோடு போட்டு அப்டேட்-சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் ஓட்டுங்கள். அந்தப் பின்னொட்டு இல்லாவிட்டால் கருவி கோப்பைக் கண்டுகொள்ளாது. ரெட்ஹேட் வகையில் ஆங்கர்ஸ் அடைவும் அப்டேட்-சிஏ-டிரஸ்ட்டும். இத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் தன் சொந்தப் பட்டியலான செர்டிஃபையைத்தான் பார்க்கும், நோட் ஜேஎஸ் தனக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கும், ஜாவாவுக்குத் தனி கீஸ்டோர் உண்டு. கணினிப் பட்டியலில் சேர்த்தும் ஒரு நிரல் மட்டும் அடம்பிடித்தால் அந்த நிரலின் சொந்தப் பட்டியலைத் தேடுங்கள்.

இந்த இடத்தில்தான் பலர் சரிபார்ப்பையே அணைத்துவிடுகிறார்கள். கர்லில் சிறிய கே, பைத்தானில் வெரிஃபை ஃபால்ஸ். சோதனைக்கு ஒரு தடவை போட்டுப் பார்ப்பது வேறு. உற்பத்தியில் ஓடும் நிரலில் அது தங்கிவிட்டால், நடுவில் யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வர் போல் நடித்துத் தரவைப் படிக்கலாம். பிழைச் செய்தி வராது என்பதுதான் அதில் இருக்கும் பெரிய ஆபத்து.

புதுப்பித்தாகிவிட்டது, ஆனாலும் காலாவதி என்கிறது

கோப்பின் தேதியைப் பார்த்தால் புதியது. சர்வர் தருவது பழையது. எக்ஸ்509 கட்டளையில் சீரியல், டேட்ஸ் தெரிவுகளைக் கொடுத்து, வட்டில் இருக்கும் சான்றிதழையும் எஸ்_கிளையன்ட் கொண்டுவந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சீரியல் எண் வேறு என்றால், சர்வர் புதுக் கோப்பை இன்னும் படிக்கவில்லை. என்ஜின்எக்ஸ் துவங்கும்போதும் ரீலோடின்போதும் மட்டும்தான் சான்றிதழைப் படிக்கும். கோப்பு மாறியதைத் தானாகக் கவனிக்காது. செர்ட்பாடின் டெப்ளாய் ஹூக்கில் ரீலோட் கட்டளையைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை மறுபடி வராது. போஸ்ட்கிரஸிலும் 10ஆம் பதிப்பிலிருந்து ரீலோட் போதும், அதற்கு முன் ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது.

ரீலோட் செய்தும் பழையதே வந்தால், நீங்கள் பேசிக்கொண்டிருப்பது வேறு சர்வரோடு. இணைப்புகளைப் பகிர்ந்து அனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் இரண்டு இயந்திரங்கள் இருந்து ஒன்றில் மட்டும் மாற்றியிருக்கலாம். முன்னால் ஒரு சிடிஎன் (இடையில் நின்று உங்கள் தளத்தைப் பரிமாறும் சேவை) இருந்து, அதுவே தன்னிடம் இருக்கும் சான்றிதழைக் காட்டலாம். ஐபிவி4 ஒரு சர்வருக்கும் ஐபிவி6 இன்னொன்றுக்கும் போகலாம். எஸ்_கிளையன்டில் 4, 6 என்ற தெரிவுகளை மாற்றி மாற்றிப் போட்டால் தெரிந்துவிடும்.

டாக்கரில் ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். லைவ் அடைவில் இருப்பவை உண்மைக் கோப்புகள் அல்ல, ஆர்கைவ் அடைவைக் காட்டும் சிம்லிங்குகள். லைவை மட்டும் கன்டெய்னருக்குள் மவுண்ட் செய்தால் சிம்லிங்க் எங்கேயும் போய்ச் சேராது, கோப்பு இல்லை என்று பிழை வரும். அதைச் சமாளிக்க ஃபுல்செயின் கோப்பை மட்டும் தனியாக மவுண்ட் செய்தால், மவுண்ட் செய்த நேரத்தில் சிம்லிங்க் காட்டிய பழைய கோப்போடு கன்டெய்னர் ஒட்டிக்கொண்டுவிடும். வெளியே எத்தனை முறை புதுப்பித்தாலும் உள்ளே பழையதுதான் தெரியும். லெட்ஸ்என்கிரிப்ட் அடைவை முழுவதுமாக, படிக்க மட்டும் என்ற அனுமதியோடு மவுண்ட் செய்யுங்கள்.

புதுப்பித்தலே நடக்கவில்லை என்றால் செர்ட்பாடை டிரை-ரன் (சோதனை ஓட்டம்) தெரிவோடு ஓட்டிப் பாருங்கள். தளம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்கும் எச்டிடிபி-01 முறைக்கு 80ஆம் போர்ட் வெளியிலிருந்து திறந்திருக்க வேண்டும். பாதுகாப்பு என்று சொல்லி யாரோ 80ஐ ஃபயர்வாலில் மூடிவைத்திருப்பது இங்கே வழக்கமான காரணம். டிரை-ரன் இல்லாமல் திரும்பத் திரும்ப முயல வேண்டாம். ஒரே பெயர்த் தொகுதிக்கு வாரத்துக்கு 5 சான்றிதழ்தான் என்ற வரம்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

இதையெல்லாம் தானியங்கியாக்குவதைத் தள்ளிப்போட இனி இடமில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் 90 நாள் சான்றிதழ்களுக்கு அனுப்பிவந்த காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சல்களை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. விலைக்கு வாங்கும் பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளும் 398 நாளிலிருந்து படிப்படியாக இறங்குகிறது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். காலண்டரில் குறித்துவைத்துக் கையால் மாற்றும் காலம் முடிகிறது.

பெயர் பொருந்தவில்லை

எக்ஸ்509 கட்டளையில் எக்ஸ்ட் தெரிவுக்கு சப்ஜெக்ட்ஆல்ட்நேம் என்று கொடுத்துப் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் அழைக்கும் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தாக வேண்டும். பழைய வழிகாட்டிகள் சொல்லும் காமன் நேமில் இருந்தால் போதாது. குரோம் 2017இல் 58ஆம் பதிப்பிலேயே அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. சொந்தமாகச் சான்றிதழ் உருவாக்குகிறவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான்.

நட்சத்திரக் குறி போட்ட வைல்ட்கார்ட் சான்றிதழ் ஒரே ஒரு படிக்குத்தான் செல்லும். உதாரணத்துக்கு, அது "கடை" என்ற துணைப்பெயருக்குச் செல்லும், அதற்குள் இன்னொரு புள்ளி வைத்த பெயருக்குச் செல்லாது, எந்தத் துணைப்பெயரும் இல்லாத மூலப் பெயருக்கும் செல்லாது. மூலப் பெயரைத் தனியாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஐபி முகவரியால் அழைத்தால் அந்த முகவரி டிஎன்எஸ் வகையாக அல்ல, ஐபி வகையாகவே பட்டியலில் இருக்க வேண்டும்.

முற்றிலும் வேறொரு தளத்தின் சான்றிதழ் வருகிறதா? நீங்கள் கேட்ட பெயருக்கு என்ஜின்எக்ஸில் சர்வர் பிளாக் இல்லை, அல்லது சர்வர்_நேமில் எழுத்துப்பிழை. அப்படியானால் அந்த போர்ட்டில் டீஃபால்ட் என்று குறித்த பிளாக்கின் சான்றிதழ் போகும். அப்படி எதையும் குறிக்கவில்லை என்றால் முதலில் இருக்கும் பிளாக்கினுடையது போகும்.

"ராங் வெர்ஷன் நம்பர்"

பெயரைப் பார்த்து டிஎல்எஸ் பதிப்பைத் தேடப் போகாதீர்கள். பெரும்பாலும் எதிர்ப்பக்கம் டிஎல்எஸ்ஸே பேசவில்லை என்றுதான் அர்த்தம். என்ஜின்எக்ஸின் லிசன் வரியில் 443க்குப் பின்னால் எஸ்எஸ்எல் என்ற சொல் விட்டுப்போயிருக்கும், அல்லது போர்ட் எண் தவறு. போஸ்ட்கிரஸை 16ஆம் பதிப்பு வரை நேரடியாகச் சோதித்தாலும் தோற்கும், ஏனென்றால் அது முதலில் தன் மொழியில் பேசிவிட்டுப் பிறகுதான் டிஎல்எஸ்ஸுக்கு மாறும். எஸ்_கிளையன்டில் ஸ்டார்ட்டிஎல்எஸ் தெரிவுக்கு போஸ்ட்கிரஸ் என்று கொடுங்கள்.

போஸ்ட்கிரஸில் எந்தப் பிழையும் இல்லை

பிழை இல்லாததும் ஓர் அறிகுறிதான். கிளையன்ட்டின் எஸ்எஸ்எல்மோட் இயல்பாக பிரிஃபர். சர்வர் டிஎல்எஸ் தராவிட்டால் சத்தமில்லாமல் மறைகுறியாக்கம் இல்லாத இணைப்புக்கு இறங்கிவிடும். ரிக்வயர் என்று வைத்தால் இணைப்பு மறைகுறியாக்கப்படும், ஆனால் கிளையன்ட்டிடம் ரூட் சான்றிதழ்க் கோப்பு இல்லாவிட்டால் எதிரே இருப்பது யார் என்று பார்க்காது. வெரிஃபை-ஃபுல் மட்டுமே சங்கிலியையும் பெயரையும் சேர்த்துப் பார்க்கும். நெட்வொர்க்கைத் தாண்டிப் போகும் எந்த இணைப்புக்கும் அதைத்தான் வையுங்கள். 15ஆம் பதிப்புக்கு முந்தைய கிளையன்ட் நூலகம் ஐபி வகைப் பதிவைப் பார்க்காது, அதனால் பழையவற்றில் பெயரால் அழையுங்கள்.

சர்வர் பக்கம் பிஜி_ஸ்டாட்_எஸ்எஸ்எல் என்ற வியூவைக் கேட்டால், இப்போதைய இணைப்புகளில் எது டிஎல்எஸ், எது இல்லை என்று வரிசையாகச் சொல்லிவிடும். பிஜி_எச்பிஏ கோப்பில் ஹோஸ்ட் என்று இருக்கும் வரிகளை ஹோஸ்ட்எஸ்எஸ்எல் ஆக்கினால் மறைகுறியாக்கம் இல்லாத இணைப்பு உள்ளேயே வர முடியாது. முதலில் வியூவைப் பார்த்து யார் யார் இன்னும் வெறுமையாக வருகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அவர்களைச் சரிசெய்துவிட்டு இதை மாற்றுங்கள்.

சில சிறு செய்திகள்

"எஸ்எஸ்எல்_ஸ்டேப்ளிங் இக்னோர்ட்" என்று என்ஜின்எக்ஸ் எச்சரித்தால் பயப்பட வேண்டாம். சான்றிதழ் ரத்தாகியிருக்கிறதா என்று சொல்லும் ஓசிஎஸ்பி சேவையை லெட்ஸ் என்கிரிப்ட் 2025இல் நிறுத்திவிட்டது, சான்றிதழில் அந்த முகவரியே இப்போது இருப்பதில்லை. கட்டமைப்பிலிருந்து அந்த வரியை எடுத்துவிடலாம். சான்றிதழும் சாவியும் சேர்ந்த பழைய பிஎஃப்எக்ஸ் கோப்பைத் திறக்கும்போது ஓப்பன்எஸ்எஸ்எல் 3 "அன்சப்போர்டட்" என்றால் லெகசி தெரிவைச் சேர்த்துத் திறந்து, புது வடிவத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். "கீ டூ ஸ்மால்" என்றால் 1024 பிட் ஆர்எஸ்ஏ சாவியாக இருக்கும். பாதுகாப்பு நிலையைக் குறைத்துச் சமாளிக்காமல் சாவியை மாற்றுங்கள். "நாட் யெட் வேலிட்" என்றால் முதலில் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள்.

சாவி வெளியே போய்விட்டது என்ற சந்தேகம்

கிட்டில் கமிட் ஆகிவிட்டது, யாரோ வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டார்கள், வேலையை விட்டுப் போனவரின் மடிக்கணினியில் ஒரு நகல் இருக்கிறது. எதுவானாலும் அந்தச் சாவி முடிந்துபோனது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டில் அடுத்த கமிட்டில் நீக்கினாலும் வரலாற்றில் இருக்கும். பழைய சாவியை வைத்துக்கொண்டு சான்றிதழை மட்டும் புதுப்பிப்பதில் ஒரு பயனும் இல்லை. 2014இல் சாவியைக் கசியவிடக்கூடிய ஹார்ட்பிளீட் என்ற ஓப்பன்எஸ்எஸ்எல் ஓட்டை வெளிவந்தபோது, அவசரமாகச் சான்றிதழை மாற்றியும் அதே சாவியைத் தொடர்ந்தவர்களின் தளங்கள் அதனால்தான் ஆபத்திலேயே இருந்தன.

வரிசை முக்கியம். புது சாவி உருவாக்குங்கள், அதற்குச் சான்றிதழ் வாங்குங்கள், எல்லா இடத்திலும் போட்டு ரீலோட் செய்யுங்கள். அதன் பிறகு பழைய சான்றிதழை, கீ காம்ப்ரமைஸ் என்ற காரணத்தைக் குறிப்பிட்டு, ரத்து செய்யுங்கள். முதலிலேயே ரத்து செய்தால் உங்கள் பயனர்கள்தான் வெளியே நிற்பார்கள். செர்ட்பாட் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் புது சாவிதான் உருவாக்கும், ரீயூஸ்-கீ என்ற தெரிவு போட்டிருந்தால் மட்டும் பழையதே தொடரும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வைல்ட்கார்ட் என்றால் அதே சாவி எத்தனை இயந்திரங்களுக்கு நகலெடுக்கப்பட்டது என்று யாருக்கும் முழுசாக நினைவிருக்காது. அதனால் 443 மட்டுமல்ல, மெயிலின் 465, 587, 993, போஸ்ட்கிரஸின் 5432 என்று ஒவ்வொரு போர்ட்டிலும் வரும் சான்றிதழின் பப்ளிக் கீயை எடுத்து, பழைய சாவியினுடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 587க்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் தெரிவில் எஸ்எம்டிபி என்று கொடுக்க மறக்காதீர்கள்.